இளைஞர் வாக்கும் மறியல் வாக்கும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

இக்கூட்டத்தில் ஒரு பேச்சு நிகழ்த்தவேண்டுமென்று செயலாளர் அண்ணன் கேட்டபொழுது, சமயப் பொருளொன்றையே மனத்திற் கொண்டிருந்தார் போலும். நாமோ பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்திற் படித்து வந்தவர். தேவாரம் எடுத்தால் மூன்றாம் அடியில் இராகம் சறுக்கிவிடும் என்பது முன்வரிசையில் இருக்கும் மாமிமாருக்கு நன்கு தெரியும். ஆகையால், தெரியாததைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிப்பதைவிட, பல்கலைக்கழகத்தில் நாம் படிக்கின்ற அரசியல் விஞ்ஞானத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். வாக்குரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, உண்டு என்று எழுதியிருந்தும் யாருக்குக் கிட்டவில்லை என்பதே அப்பொருள். சிறப்பாக இரு சாராரைப் பற்றிப் பேசுவோம். ஒரு சாரார் நம்மைப் போன்ற இளைஞர். மற்றச் சாரார் மறியலில் இருப்போர்.

இவ்விரண்டையும் ஏன் ஒரே கயிற்றிற் கட்டுகிறீர் என்று கேட்பீர்கள். அதற்கு விடை புத்தகத்தில் இல்லை. நமது தெருவில் இருக்கிறது.

2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. நமக்கு அதுவே கன்னி வாக்கு. அதற்குச் சில நாட்களுக்கு முன் தபாற்காரர் வாக்காளர் அட்டைகளைக் கொண்டுவந்தார். நமது வீட்டிற்கு அப்பால் இரண்டு வளவு தள்ளி இருக்கும் வீட்டிற்கு மூன்று அட்டைகள் வந்தன. தகப்பனாருக்கு ஒன்று, தாயாருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மகனுக்கு அப்போது வயது 22. ஒரு திருவிழா இரவில் நடந்த கைகலப்பில் அவரையும் பிடித்து, விளக்கமறியலில் மட்டக்களப்புச் சிறைச்சாலையில் வைத்திருந்தார்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நீதவான் அன்றுவரை தீர்க்கவில்லை. தாயார் அவருடைய அட்டையைச் சாமிப்படத்தின் அடியில் விபூதித் தட்டோடு வைத்திருந்தார். நாம் போனபோது, “காட் வந்திரிக்கு தம்பி, ஆள்தான் இல்ல” என்றார். அழவில்லை. சும்மா சொன்னார். அந்தச் சொல் நம்மை விட்டுப் போகவில்லை.

பின்னர் அவ்வழக்கிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லவேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 89 ஆம் உறுப்புரை, தேருநராவதற்குத் தகுதியற்றோர் யாவர் என்று கூறுகின்றது. இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதோர், 18 வயது நிரம்பாதோர், சித்தசுவாதீனம் அற்றவரென்று தீர்க்கப்பட்டோர், தேர்தற் குற்றம் புரிந்தோர் என்று அந்த வரிசை செல்கின்றது. சிறையைப் பற்றி அது சொல்வதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க ஒரு குற்றத்திற்காக, ஆறு மாதத்திற்குக் குறையாத தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு வாக்கில்லை. அப்படி அனுபவித்து முடித்து ஏழு ஆண்டு கழியாதவருக்கும் வாக்கில்லை. மரணதண்டனைத் தீர்ப்புப் பெற்றவருக்கும் இல்லை. அவ்வளவே.

அப்படியாயின் எஞ்சியோர் யார்? வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருப்போர் எஞ்சினர். இரண்டு மாதம், மூன்று மாதம் எனச் சிறிய தண்டனை பெற்றோர் எஞ்சினர். தண்டப்பணம் கட்டக் காசில்லாமல் அதற்குப் பதிலாக உள்ளே போனோரிற் பலர் எஞ்சினர். இவர்களுடைய வாக்கைச் சட்டம் தொடவேயில்லை. பெயர் இடாப்பில் இருக்கிறது. அட்டை வீட்டுக்கு வருகிறது. வாக்களிக்கும் நாளில் அவர்கள் கம்பிக்கு உள்ளே இருக்கிறார்கள், வாக்குப்பெட்டி வெளியே இருக்கிறது. சென்ற பல ஆண்டுகளாக நமது நாட்டுச் சிறைகளில் நாளாந்தம் இருப்போரிற் பாதிக்கும் மேற்பட்டோர் விளக்கமறியற் கைதிகளே என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஒரு தெருவின் கதையன்று என்பது விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறைக் காவலர் அரசாங்க உத்தியோகத்தர். தேர்தலன்று கடமையில் இருக்கவேண்டியவர் தபால்மூலம் வாக்களிக்க விண்ணப்பிக்கலாம். வாக்குச்சீட்டு அவருடைய கடமையிடத்திற்கே வருகின்றது. அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில் அவர் அதிற் புள்ளடியிட்டு உறையிலிட்டு அனுப்புகின்றார். ஆக, வாக்குச்சீட்டானது சிறைச்சாலை வாயிலைத் தாண்டி உள்ளே போகத் தெரியாத பொருளன்று. பூட்டுக்கு இந்தப் பக்கம் வரை வருகிறது. அந்தப் பக்கம் போவதில்லை.

பெரியோர்களே, இந்நாட்டில் வாக்குரிமை ஒரேயடியாக வந்ததன்று. 1911 ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபைக்கு, கற்ற இலங்கையர் என்ற ஒரேயொரு ஆசனத்திற்குத் தேர்தல் நடந்தபோது வாக்காளர் தொகை ஏறக்குறைய 3,000. அதில் வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1924 இல் கூடக் குடிசனத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்கு இருந்தது. 1927 இல் டொனமூர் ஆணைக்குழுவினர் இங்கு வந்து விசாரணை நடத்தினார்கள். எல்லாருக்கும் வாக்கு என்ற யோசனையை அன்றைய தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். இராமநாதன் அவர்களும் எதிர்த்தார், பெண்களுக்கு வாக்கு என்பதையும் எதிர்த்தார். சைவத்திற்கும் கல்விக்கும் அப்பெரியார் செய்த தொண்டை நாம் தலைமேற் கொள்கிறோம். ஆனாலும் இவ்விடயத்தில் அவர் பிழைவிட்டார் என்று ஓர் இந்து இளைஞர் மன்றத்தில் நின்று சொல்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. ஆணைக்குழுவினர் ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்று சிபார்சு செய்தார்கள். முப்பது வயதுவரை பெண்பிள்ளைக்குப் புத்தி முற்றாது என்பது போலும்! முடிவில் இருபாலாருக்கும் 21 என்றே அமைந்தது. 1931 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரசாங்க சபைக்கு முதற் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. (அதை யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்து, வடக்கிலே நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. இளைஞர் சங்கங்கள் எல்லாம் எப்போதும் வாக்கின் பக்கமே நின்றன என்று பெருமையடிக்க நமக்கு இடமில்லை.)

எழுத்தறிவில்லாதவன் எப்படி வாக்களிப்பான் என்று அன்று கேட்டார்கள். அதற்கு விடையாக வந்தவை நிறங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. படிக்கத் தெரியாத பாட்டனும் பாட்டியும் நிறம் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். இதை நாம் சொல்லவந்த காரணம் உண்டு. அரசாங்கம் ஒருவனிடம் வாக்கைக் கொண்டுசேர்க்க மனம் வைத்தால் வழி பிறக்கும். யுத்த காலத்திலும், 2004 ஏப்ரல் தேர்தலில், கட்டுப்பாட்டிற்கு அப்பாலிருந்த ஊர்களின் சனங்களுக்காகக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்களை எல்லைக்கு இப்பால் அமைத்தார்கள். குளத்தைக் கடந்து, வயலைக் கடந்து வந்தவர்களுக்கு ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஒரே மதிலுக்குள் இருப்பவர்களுக்கு ஏற்பாடு செய்யத் தெரியாதா?

கொடுத்ததைப் பறித்த வரலாறும் நமக்கு உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் சேர்ந்து மலைநாட்டுத் தோட்டத் தமிழரின் வாக்கை இல்லாமற் செய்தன. அது தனியாக ஒரு பேச்சுக்குரிய பொருள். இங்கே தொட்டுவிட்டு மேலே செல்வோம்.

இளைஞர் விடயத்தில் இலங்கை பல நாடுகளுக்கு முன்னோடி என்பதை இங்குள்ள தம்பிமார் அறிவார்களோ தெரியாது. 1959 இல் வாக்களிக்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். 1960 மார்ச்சுத் தேர்தலில் அந்த வயதினர் வாக்களித்தார்கள். நமக்குத் தேர்தலைக் கற்றுக்கொடுத்த பிரித்தானியா அதற்குப் பத்து ஆண்டுகள் பிந்தியே 1969 இல் அப்படிச் சட்டம் இயற்றியது. அமெரிக்கா 1971 இலும், இந்தியா 1989 இலும் செய்தன. அப்போதும் பெரியோர் சிலர் உலகம் கவிழ்ந்துவிடும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கவிழவில்லை. ஆனால் ஒரு விநோதம் நடந்தது. வாக்களிக்க 18 ஆக்கினார்களேயன்றி, பராயமடையும் வயது 21 ஆகவே இருந்தது. அது 18 ஆனது 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தாலே தான். முப்பது ஆண்டுகளாக ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை பிரதமர் யாரென்று தீர்மானிக்கலாம். தன் பெயரிலுள்ள அரை ஏக்கர் வயலைத் தானாக விற்கமுடியாது! அது வயலுக்கு நல்லதாகவே முடிந்திருக்கலாம்.

நமது முன்னோர் இன்னும் கண்டிப்பானவர்கள். தொண்டைநாட்டு உத்திரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்களிற் குடவோலை முறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அது ஒரு பிராமண சபையின் விதி. எல்லாக் குடிக்கும் உரியதன்று. பிந்திய கல்வெட்டின்படி வாரியத்தில் அமர 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குள் இருக்கவேண்டும். காணியும் வீடும் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவனும் கூடாது. இளையவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லையா என்றால், உண்டு. குடத்தினுள் கைவிட்டு ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். ஆயிரம் ஆண்டு கழிந்தும் சில சங்கங்களில் இளைஞரின் உத்தியோகம் அவ்வளவாக உயரவில்லை என்று நாம் சொன்னால் வண்ணக்கர் ஐயா கோபிக்க மாட்டார். அவர் இப்போதே சிரிக்கிறார்.

சரி, 18 கிடைத்துவிட்டதே, இளைஞருக்கு இனி என்ன குறை? குறை இதுதான். 18 வயது நிரம்பினால் மாத்திரம் போதாது, இடாப்பில் ஏறவேண்டும். நீண்ட காலமாக யூன் 1 ஆம் திகதியே கணக்கு. அன்று 18 நிரம்பியிருந்தால் அவ்வாண்டு இடாப்பில் பெயர் வரும். அதற்கு அடுத்த நாள் நிரம்பினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவேண்டும். 2019 நவம்பர் 16 இல் நடந்த சனாதிபதித் தேர்தல் 2018 ஆம் ஆண்டின் இடாப்பைக் கொண்டே நடந்தது. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நாளன்று அதற்கு 19 வயதும் மூன்று மாதமும். வாக்கில்லை! இங்கே இருக்கும் அண்ணன்மார் சிலர் அந்தத் தேர்தலில் வாக்களிப்பு நிலையத்தின் மதிலோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். இது பலராலும் எடுத்துரைக்கப்பட்டு, 2021 இல் தேருநர்களைப் பதிவு செய்யும் சட்டத்தைத் திருத்தி, ஆண்டின் நடுவே 18 நிரம்புவோரையும் குறைநிரப்பு இடாப்பிற் சேர்க்க வழி செய்தார்கள். ஆகவே இது தீராத வியாதியன்று, கேட்டதனால் தீர்ந்தது. ஆனாலும் கிராம உத்தியோகத்தரிடம் சென்று பெயரைப் பார்க்காத பிள்ளைக்கு எந்தத் திருத்தமும் உதவாது. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கின்ற நமது பொடியன்மார் நிலை வேறு; அவர்களுக்கு அங்கிருந்து வாக்களிக்க 2024 இல் வழியிருக்கவில்லை.

இன்னொரு விதமாகவும் இளைஞர் வாக்கு களவுபோகின்றது: தேர்தலையே வைக்காமல் விடுவது. உள்ளூராட்சித் தேர்தல் 2018 பெப்ரவரி 10 இல் நடந்தது. அடுத்தது 2023 மார்ச்சு 9 என்று குறித்தார்கள்; பணமில்லை என்றார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6 இல் நமது திருக்கோவில் பிரதேச சபைக்கும் வாக்களித்தோம். கிழக்கு மாகாண சபைக்கோ 2012 செப்டெம்பர் 8 இல் நடந்த தேர்தலே கடைசி. 2017 இற் காலம் முடிந்தபின் எட்டு ஆண்டுகள் தேர்தலின்றியே கடந்தன. அன்று 17 வயதாயிருந்தவருக்கு 2025 இல் 30 வயது. அவர் தம் வாழ்நாளில் மாகாண சபைக்கு ஒரு புள்ளடியும் இடாமலே அவ்வயதை அடைந்தார். மாகாண சபைத் தேர்தலை ஒத்திவைத்ததைப் பற்றிய ஒரு வழக்கில், வாக்களிப்பதும் பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று 1999 ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. மறியலில் இருப்பவன் வாய் திறந்து பேசலாம், கடிதம் எழுதலாம். இந்த ஒரு பேச்சு மட்டும் ஏன் அவனுக்கு இல்லை?

16 வயதினருக்கும் வாக்கு வேண்டும் என்று சில நாடுகள் செய்திருக்கின்றன. பிரேசிலில் 1988 முதல் 16 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம். ஒஸ்திரியா 2007 இலும் மால்டா 2018 இலும் அவ்வயதை ஏற்றுக்கொண்டன. பள்ளிக்கூட விவாத மன்றத்தில் இதே பொருளை வைத்தார்கள். நமக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கம். பதினாறு வயதிலே நின்றுகொண்டு, பதினாறு வயதினருக்குப் புத்தி போதாது என்று வாதாடி வெற்றிக் கிண்ணமும் வாங்கினோம். நம்முடைய வாதம் உண்மையாயின் அந்தக் கிண்ணத்தை நம்மிடம் தந்திருக்கக் கூடாது. இப்போது நமது எண்ணம் என்னவெனில், 18 நிரம்பியவரெல்லாம் தவறாமல் வாக்களிக்கும் நாளுக்குப் பின்னர் 16 ஐப் பேசலாம். மன்றத்திலே இதற்கு மாறான கருத்துடைய தங்கைமார் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த கூட்டத்தில் நம்மைக் கிழிக்கட்டும்.

மீண்டும் மறியலுக்கு வருவோம். சிறையிலிருந்து வாக்களிக்க முடியாதவர் சிறையிலிருந்து தேர்தலில் நிற்கலாம் என்றால் நம்புவீர்களா? 2020 ஆகஸ்டு 5 இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், நமக்கு அடுத்த மட்டக்களப்பு மாவட்டத்திலே, 2015 முதல் விளக்கமறியலில் இருந்த சிவனேசதுரை சந்திரகாந்தன் அம்மாவட்டத்தில் ஆகக் கூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றுத் தெரிவானார். சட்டம் அதைத் தடுக்கவில்லை. தடுக்கவும் கூடாது, தீர்ப்பில்லாத வழக்கு அது. அவருடைய அரசியல் நல்லதோ கெட்டதோ என்பது இங்கே பேச்சன்று. ஆனால் அதே சிறையில் அவரோடு இருந்த பெயரில்லாத பையனுக்கு, அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒரு புள்ளடியிட வழியில்லை. இந்தியாவிலும் இக்கூத்து உண்டு. 1977 இல் ஜோர்ஜ் பெர்னாண்டஸ் சிறைக்குள் இருந்தபடியே முசாபர்பூரில் வென்றார். ஆனால் அந்நாட்டு 1951 ஆம் ஆண்டுச் சட்டம், தடுப்புக் காவலில் இருப்போரைத் தவிர, சிறையிலிருக்கும் எவரும் வாக்களிக்கலாகாது என்கிறது. அவர்கள் அதை எழுதியே பறித்தார்கள். நாம் எழுதாமலே பறிக்கிறோம்.

சட்டம் ஒன்றாயிருந்தும் கதவு ஒரேவிதமாகத் திறப்பதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 1982 இல் மரணதண்டனைத் தீர்ப்புப் பெற்றிருந்த குட்டிமணி எனப்படும் செல்வராசா யோகச்சந்திரனை, வெறுமையான வட்டுக்கோட்டைத் தொகுதிக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணி நியமித்தது. சத்தியப்பிரமாணம் செய்ய அவரைப் பாராளுமன்றத்திற்குக் கொண்டுசெல்லவில்லை. மறு ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் அவர் மாண்டார். 2020 இல் இரத்தினபுரியில் தெரிவான பிரேமலால் ஜயசேகர தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பே மரணதண்டனைத் தீர்ப்புப் பெற்றவர். அவரைச் சிறையிலிருந்து கொண்டுவந்து சத்தியப்பிரமாணம் செய்வித்தார்கள். பின்னர் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். கீழ்க்கோட்டின் தீர்ப்பும் மாறக்கூடியது என்பதையே அது காட்டுகிறது. 1915 இல் இராணுவச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி மறியலில் வைக்கப்பட்ட டி. எஸ். சேனநாயக்க 1947 இல் முதற் பிரதமரானார் என்பதையும் நினைவில் வைப்போம்.

நமது வழக்கிற்கு மிகவும் அண்மையானது தென்னாபிரிக்காவில் நடந்தது. 1999 இல் அங்கே பொதுத் தேர்தல் வரவிருந்தபோது, கைதிகளுக்கு வாக்கில்லை என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஏற்பாடும் இல்லை. கைதிகள் அரசியலமைப்பு நீதிமன்றத்திற்குச் சென்றார்கள். சட்டம் பறிக்காத உரிமையை ஏற்பாடு செய்யாமல் விட்டுப் பறிக்கலாகாது, பதிவு செய்வதும் பெட்டி வைப்பதும் தேர்தல் ஆணைக்குழுவின் கடமை என்று நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பை எழுதிய நீதியரசர் அல்பி சாக்ஸ், வெள்ளையராட்சியை எதிர்த்து விசாரணையின்றித் தனிச்சிறையில் கிடந்தவர். பிற்காலத்தில் ஒரு குண்டுவெடிப்பில் ஒரு கையை இழந்தவர். கனடாவின் உயர் நீதிமன்றம் 2002 இல், நீண்ட தண்டனை பெற்றோருக்கும் வாக்குண்டு என்றது. நாம் அவ்வளவு தூரம் இன்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லவேண்டும். இப்பேச்சை எழுதிக்கொண்டிருந்தபோது நமது அம்மா கேட்டார்: “கொலை செய்தவனுக்கும் வோட்டா? செத்த பிள்ளைக்கு ஆரு வோட்டுக் குடுப்பா?” இதற்கு நம்மிடம் விடையில்லை. கொலையுண்டவர்களின் வீடுகள் இக்கரையில் எத்தனை என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் பாரதூரமான குற்றத்திற்குத் தீர்ப்புப் பெற்று உள்ளே இருப்போரைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. ஆனால் வெளியே வந்த பின்னும் ஏழாண்டு என்பது நமக்குச் செரிக்கவில்லை. 19 வயதில் ஆறு மாதத் தண்டனை பெற்ற ஒருவன் வெளியே வந்து, கடலுக்குப் போய் உழைத்து, மணமுடித்து, பிள்ளையும் பெற்று, 26 வயது கடந்தே முதல் வாக்கை இடுவான். தண்டனையை நீதவான் அளந்து கொடுத்தார். மிச்சத்தை யார் அளந்தது? இளைஞரையும் மறியலையும் ஒன்றாகக் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆட்சேபம், சிறைக்குள்ளே இரகசியம் நிலைக்குமா என்பது. சரியான ஆட்சேபமே. காவலர் பக்கத்தில் நின்றாலோ, உள்ளிருக்கும் சண்டியர் மிரட்டினாலோ அது வாக்கன்று. ஆகவே அதைச் சிறை அதிகாரிகளிடம் விடாமல், தேர்தல் அலுவலர்களே உள்ளே சென்று மறைப்புக் கட்டிச் சீட்டுக் கொடுத்து, கட்சிகளின் முகவரும் கண்காணிப்பாளரும் பார்த்திருக்க நடத்தவேண்டும். பல மாவட்டத்தவர் ஒரே சிறையில் இருப்பது சிக்கலென்பார்கள். சனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதற்கும் ஒரே சீட்டுத்தானே! அதிலிருந்து தொடங்கலாம். பாராளுமன்றத் தேர்தலுக்குத் தபால்மூல முறையே போதும். அதற்கு 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தைத் திருத்தி, தபாலில் வாக்களிக்கத் தக்கோர் வரிசையில் இவர்களையும் சேர்க்கவேண்டும்.

இதை ஓரினத்தின் கணக்காகவும் பார்க்கவேண்டாம். வழக்குத் தவணை நாளன்று நீதிமன்றத்தில் இருந்து மட்டக்களப்பிற்குப் போகும் சிறைச்சாலை வாகனத்தில் நமது தெருப் பையனுக்குப் பக்கத்தில் இருந்தவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் காக்கா. பிணை கிடைத்தும் பிணையாளர் கிடைக்காமல் இருந்தவர். கல்முனை கடந்து களுவாஞ்சிகுடி வரும்வரை இருவரும் தேர்தலைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்களாம். யாருக்குப் போடலாம் என்று சண்டையும் பிடித்தார்களாம். போட முடியாத வாக்கிற்குச் சண்டை!

பாதிரிமார் பள்ளியிலே, நோயாளியைப் பார்ப்பதும் மறியலில் இருப்பவனைப் பார்ப்பதும் புண்ணியம் என்று கற்பித்தார்கள். நத்தார்க் காலத்தில் ஒருமுறை சிறைச்சாலைக்குப் பாட்டுப் பாடவும் அழைத்துச் சென்றார்கள். ஆனால் இந்தப் பொருளின் சூட்டை நமக்கு உணர்த்தியது அந்தப் பள்ளியன்று. தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோவில். வைகாசிக் குளிர்த்தி நாட்களில் அங்கே கண்ணகி வழக்குரை பாடக் கேட்கிறோம். கோவலன் செய்த குற்றம் என்ன? பொற்கொல்லன் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை. அவ்வளவுதான் கதை. விசாரியாமல் தண்டித்ததற்காக மதுரை எரிந்ததென்று பாடி, எரிந்தவளைக் குளிர்விக்க நீர் தெளிப்பவர்கள் நாம். விசாரணை முடியாத ஒரு பிள்ளையின் வாக்கைச் சும்மா விட்டுவிடுகிறோம் என்றால் அம்மன் என்ன நினைப்பாள் என்று சிறுபிள்ளைத்தனமாக நாம் யோசித்ததுண்டு.

நமது மன்றம் செய்யக்கூடியவை பெரியனவல்ல. தேர்தல் ஆணைக்குழுவிற்கும், திகாமடுல்லை மாவட்டத்திலிருந்து தெரிவான பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும், எந்தக் கட்சி எந்தச் சமயம் என்று பாராமல், ஒரு மனு எழுதியிருக்கிறோம். சட்டம் தகுதி நீக்காத கைதிகளுக்கு வாக்களிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதே அதன் சாரம், ஒன்றரைப் பக்கம். தமிழில் எழுதியதைச் சிங்களத்தில் ஆக்கித்தர நம்மோடு படிக்கும் ஒரு நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் உள்ள இளைஞர் சங்கங்களிடமும் கையொப்பம் கேட்கப் போகிறோம்.

2025 மே மாதத்துத் தேர்தலின் போது நமது தெருப் பையன் வெளியே இருந்தார். காலை எட்டு மணிக்கே தாயாரோடு போய் வரிசையில் நின்றார். வாக்களித்துவிட்டு வந்து விரல் மையை நமக்குக் காட்டி, “இது எத்தன நாளைக்கு இரிக்கும்?” என்று கேட்டார். பழைய அட்டை இன்னும் சாமிப்படத்தின் அடியிலேதான் இருக்கிறதாம். எடுத்துவிட்டால் ஏதோ குறைந்துபோகும் என்று தாயார் விடுகிறாரில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் வழங்கும்போது, வாயிலருகே உள்ள மேசையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று அந்த மனு. விரும்பியவர்கள் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடலாம், மறுப்புள்ளவர்கள் மறுப்பைப் பின்புறத்தில் எழுதலாம். மற்றையது, 18 வயது நிரம்பியும் இடாப்பிற் பெயர் வராத தம்பி தங்கைமார் பெயர் எழுதுவதற்கு. அதைக் கொண்டு அடுத்த வாரம் கிராம உத்தியோகத்தரிடம் போவோம். பேனா நமது ஐயாவினுடையது. மறவாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.